கறுப்புக் கசகசா

“மன்னிக்கோணும்... இதைத் துபாய்க்குக் கொண்டு போக ஏலாது!”

சாருலதா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜெர்மனியில் எர்லாங்கன் ரயில் நிலையத்துப் பேக்கரி. வெளியே மழை. அவள் கையில் கறுப்பாக வரி ஓடிய கேக் பொட்டலம். ‘அம்மா, அடுத்த வாரம் துபாய் வரும்போது எள்ளு கேக் வாங்கிட்டு வரேன்’ என்று அப்போதுதான் போனில் சொல்லி முடித்திருந்தாள். அடுத்த வாரப் பயணத்துக்கு இப்போதே கேக் வாங்குகிற அவசரக்குடுக்கை அவள்!

எதிரே நெடுநெடுவென்று ஒருவன். நனைந்த தலைமுடி... இமையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மழைத்துளி... சண்டைக்கு வந்தவனுக்கு இருக்க வேண்டிய கண்களா அவை!

“ஹலோ, என் கேக், என் துபாய், என் அம்மா. நடுவுல நீங்க யாரு?”

“மதீசன்” என்றான் அவன், அதைத்தான் கேட்டாள் என்பது போல. “உதுக்குள்ள இருக்கிறது எள்ளில்லை, கசகசா. அங்க கசகசாவுக்குத் தடை. ஒரு மணி அம்பிட்டாலும் வில்லங்கம்.”

“கசகசா வெள்ளையா இருக்கும். நான் குருமா வைக்கிறவ சார், எனக்குத் தெரியாதா?”

“எங்கட கசகசா வெள்ளை. ஜெர்மன்காரன்ர கசகசா கறுப்பு.”

கடைக்காரப் பெண்ணிடம் கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அடக் கடவுளே! ஜெர்மனிக்கு வந்ததிலிருந்து எள்ளு, எள்ளு என்று இதைத்தானே வளைத்து வளைத்துத் தின்றிருக்கிறாள்... காது மடல் வரை சூடேறியது. பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். வழக்கம்போல ரயிலும் தாமதம். என்ன செய்வது? இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கேக்கைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அவன் இதே ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லிப்ட் கம்பெனி ஒன்றில் இன்ஜினீயர். இரண்டு வருடம் துபாயின் வானளாவிய கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டு எர்லாங்கனுக்கு வந்தவன். அவளோ இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் திருச்சிப் பெண். காலையில் இருவரும் சைக்கிள் மிதிப்பது ஒரே ஆற்றங்கரைப் பாதையில்தான் என்பது மறுநாளே தெரிந்துபோனது. தற்செயலா என்று கேட்காதீர்கள். முதல் நாள் தற்செயல்தான்... அதற்கப்புறம் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரமே மாறிவிட்டது!

“பாலைவனம் எண்டு மெல்லிய உடுப்பா அடுக்காதேங்கோ. ஷொப்பிங் மோலுக்குள்ள ஏசி எலும்பைத் துளைக்கும். ஒரு சால்வை வேணும்.”

“சரிங்க டீச்சர்.”

“மெட்ரோவிலை பொம்பிளையளுக்குத் தனி இடம் இருக்கு, அங்க ஏறுங்கோ. உள்ளுக்குத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.”

“விக்கல் வந்தா?”

“இறங்கி விக்குங்கோ.”

அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் வளைந்து புல்தரைக்குள் போய்விட்டது. அவன் விடவில்லை. மாத்திரை கொண்டு போனால் டாக்டரின் சீட்டு வேண்டும்... கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது... பொது இடத்தில் கட்டிப் பிடிக்கக் கூடாது... கடைசியைச் சொல்லும்போது அவன் காது சிவந்ததை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி மணியடித்தாள்.

எல்லாம் சொன்னவன், எதற்காகப் போகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. வியாழக்கிழமை, பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவளே சொன்னாள்.

“அங்கே என் மாமா இருக்கார். அப்பா அம்மாவும் ஊர்லேருந்து வந்துட்டாங்க. மாப்பிள்ளைக்கு அங்கேதான் பேங்க்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஒரு ஹோட்டல்ல... பொண்ணு பாக்கறாங்க.”

மழை பெய்துகொண்டே இருந்தது. ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லேன், என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. போகாதே... ஒரே ஒரு வார்த்தை...

“பின்னேரத்திலை ரோட்டு நெருக்கமா இருக்கும்” என்றான் மதீசன், ஆற்றைப் பார்த்தபடி. “ஹோட்டலுக்கு நேரத்தோட வெளிக்கிடுங்கோ.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னத்தைச் சொல்ல? நாங்கள் அகதியா வந்த குடும்பம். உங்கட வீட்டுக்காரர் எங்களை எப்பிடிப் பாப்பினம் எண்டு எனக்குத் தெரியும்.”

“எங்க வீட்டு ஆளுங்களை ஒரு தடவை பாத்திருக்கீங்களா? நீங்களே கேள்வி, நீங்களே பதிலா?”

அவன் முகம் இறுகியது. “அப்ப நான் போறன்.”

போறனாம்! தமிழில் யாராவது இப்படி விடைபெறுவார்களா? ஜென்மப் பகையாளிகூட ‘வரேன்’ என்றுதானே வாசல் தாண்டுவான்! தினமும் பாதை பிரிகிற இடத்தில், ‘போயிட்டு வரேன்’ என்பதை இவனே ‘போட்டு வாறன்’ என்று சொல்லுவானே! அன்று அவள் சைக்கிள் மிதித்துக்கொண்டே அழுதாள். நல்ல வேளை, மழை பெய்தது. யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை. மியூனிக் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு வந்தவளின் கால், பிளாட்பாரத்துக்குப் போகாமல் பேக்கரிக்குப் போயிற்று. ஒரு துண்டு கசகசா கேக் வாங்கினாள். கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது...

“சால்வை எடுத்தனீங்களோ?”

நிமிர்ந்தாள். மதீசன். சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு... கையில் மட்டும் நனையாத ஒரு நீலச் சால்வை.

“எடுக்கலை” என்றாள்.

“அம்மா தந்துவிட்டவ. நேற்று வீட்டை போனனான். எல்லாம் சொன்னன். நல்ல பேச்சு வாங்கினன். ‘அந்தப் பிள்ளையையும் கேக்கேல்லை, பெத்தவையையும் கேக்கேல்லை. மாட்டினம் எண்டு நீயே சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியோ’ எண்டு கேட்டா.” அவன் சால்வையை அவளிடம் நீட்டினான். “சாரு... எனக்கு உங்களை விருப்பம். பேக்கரியிலை நீங்கள் என்னோட சண்டைக்கு வந்தீங்களே, அப்பவே விருப்பம். உங்கட அம்மா அப்பாவிட்டை நான் கேக்கிறன். மாட்டம் எண்டால், அதை அவையின்ர வாயாலை கேட்டிட்டுப் போறன்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. அவன் முகம் மங்கித் தெரிந்தது.

“நான் நேத்தே அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“என்னெண்டு?”

“பொண்ணு பாக்க யாரும் வர வேண்டாம்னு. அம்மா உடனே கேட்டாங்க... ‘அந்தக் கசகசாப் பையனா?’ன்னு. கேக் கதையை அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருந்தேன்.”

“பிறகு?”

“‘நேர்ல வா, பேசிக்கலாம்’னாங்க. குரல் அவ்வளவு நல்லா இல்லை. இப்ப நான் போறது சண்டை போடத்தான். அதுக்கு ஏதாவது யோசனை வச்சிருக்கீங்களா டீச்சர்?”

அப்போதுதான் அவன் சிரித்தான். “முதல்ல இதைச் சாப்பிடுங்கோ. வெறும் வயித்திலை சண்டை பிடிக்க ஏலாது.”

அன்று போலவே பங்கு போட்டுக்கொண்டார்கள். ரயில் வந்தது, இன்று பார்த்துச் சரியான நேரத்துக்கு! அவள் எழுந்ததும் அவன் பதறி, அவள் கோட்டில் ஒட்டியிருந்த கறுப்பு மணிகளைத் தட்டிவிட ஆரம்பித்தான். கை... தோள்... காலர்... ஒரு மணிகூட விடவில்லை.

“பொது இடத்துல கட்டிப் பிடிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல?”

“ஓம். அங்க பிரச்சினை.”

“இது எர்லாங்கன்தானே...”

அவன் பதில் சொல்வதற்குள் அவள் அவன் ஈரச் சட்டையில் முகம் புதைத்திருந்தாள். கசகசா தட்டிய கைகள் தயங்கித் தயங்கி அவள் முதுகில் வந்து நின்றன. மழை, ரயில், ஜெர்மன் அறிவிப்பு... எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டன.

விசில் ஊதினார்கள். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் இறங்கி நின்றான். கதவு மூடப் போகிறது. நீலச் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கண்களை நேராகப் பார்த்து, அவன் பாஷையிலேயே அவள் சொன்னாள்:

“போட்டு வாறன்.”