மலராத பிச்சி மொட்டு

“சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சாவியை ஒப்படைச்சிட்டுப் போன்னு முதலாளி சொல்லிட்டாவ சார். நான் மிஷினை அணைக்கல. அதை நிரூபிச்சுக் காட்டாம அங்கயிருந்து போவ மாட்டேன்.”

பேட்டையில் பாபநாசம் என்பவர் நடத்தும் குளிர்பதனக் கிடங்கின் பொறுப்பாளர் கலையரசி, சொல்லும்போது அழவில்லை. இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து பொய்க் கண்ணீர் பார்த்துச் சலித்த துப்பறிவாளர் வைத்திக்கு அதுவே பிடித்திருந்தது. கூட்டாளி ஹாஜாவோ அவள் பேசி முடிப்பதற்குள் காரைக் கிளப்பப் போய்விட்டார்.

கிடங்கில் இரண்டு அறைகள். ஒன்றில் களக்காட்டு ஏத்தன் வாழைக்காய், பதின்மூன்று டிகிரியில். மற்றது பூ வியாபாரி குற்றாலலிங்கத்துக்கு வாடகைக்கு விட்டது, நான்கு டிகிரியில். கலையரசிக்குச் சனி, ஞாயிறு லீவு. இன்று திங்கட்கிழமை காலை வந்து திறந்தால் காய்களெல்லாம் கறுத்துக் கிடந்தன.

“மிஷின் நின்னு புழுக்கத்துல வெந்துபோச்சு சார். இதுல துப்பறிய என்ன இருக்கு?” என்றார் ஹாஜா, கிடங்குக்குள் நுழைந்ததுமே. முந்திரிக்கொட்டை என்று வைத்தி அவரைச் சும்மா சொல்வதில்லை.

“அதைத்தான் நானும் சொல்லுதேன்,” என்றார் அங்கே பாபநாசத்தோடு நின்றிருந்த குற்றாலலிங்கம். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூ எடுக்க வந்தேன். வாழைக்கா ரூமைத் திறந்தா அடுப்படி கணக்கா இருந்துது. இந்தப் பிள்ள வெள்ளிக்கிழமையே அணைச்சிட்டுப் போயிருக்கு. நாந்தான் திரும்பப் போட்டு விட்டேன்.”

“உம்ம பூவை இங்கே வச்சீரா?” என்று கேட்டார் வைத்தி.

“எனக்குத்தான் தனி ரூம் இருக்கே. இங்கன எதுக்கு வைக்கேன்?”

வைத்தி ஒரு காயை ஒடித்துப் பார்த்தார். கறுத்த தோலுக்குள் காய் கொஞ்சமும் பழுக்கவில்லை. பிறகு குனிந்து, பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். மூடிய பிச்சிப்பூ மொட்டு.

“தரையை எப்பம்மா கழுவினே?”

“வெள்ளிக்கிழமை பூட்டும்போது சார்.”

“பூ கடைசியா எப்போ வந்தது?”

“சனிக்கிழமை காலையில,” என்றார் பாபநாசம். “டவுண் கல்யாணத்துக்கு. எப்பவும் வாரதைவிட ரெண்டு மடங்கு.”

வைத்தி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“புழுங்கியிருந்தா காய் பழுத்திருக்கும். இது பழுக்கலை, தோல்தான் கறுத்திருக்கு. வாழைக்கு அதிகக் குளிர் ஆகாது. வீட்டு ஃபிரிட்ஜில வச்சுப் பார்த்தவாளுக்குத் தெரியும். மிஷின் நிக்கலை, பூவுக்காக யாரோ குளிரைக் கூட்டியிருக்கா. காலையில பறிச்ச பிச்சி அன்னிக்குச் சாயங்காலமே மலர்ந்துடும். சனிக்கிழமை வந்த மொட்டு இன்னும் வாய் திறக்கலை. அடுப்படியில கிடந்த மொட்டா ஓய் இது?”

ஹாஜா அந்த மொட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“என் ரூம்ல இடம் பத்தல அண்ணாச்சி,” குற்றாலலிங்கத்தின் குரல் இறங்கியது. “மலந்த பூவைக் கல்யாண வீட்டுல தொடுவாவளா? ஒரு நாள்தானேன்னு மாத்தி வச்சேன். காய் கறுக்கும்னு சத்தியமாத் தெரியாது.”

“காயைத் தெரியாம கெடுத்தீர். இந்தப் பொண்ணு மேல பழியைத் தெரிஞ்சேதான் போட்டீர்,” என்றார் வைத்தி.

பாபநாசத்துக்குக் கலையரசியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. “சாவி உங்கிட்டயே இருக்கட்டும்மா.”

“அது போதாது அண்ணாச்சி. இந்த ரூமுக்கு அவர்ட்ட இருக்க சாவியும் எனக்கு வேணும்.”

குற்றாலலிங்கம் சாவியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஒடித்துப் போட்டிருந்த காயைக் கையில் எடுத்தாள்.

“தோலுதான போச்சு. சிப்ஸ் போடுதவங்களுக்குப் போன் பண்ணுதேன். அஞ்சு மணிக்குள்ள லாரியில ஏத்திரணும் அண்ணாச்சி. வந்து ஒரு கை புடிங்க.”