வெறும் முறத்தில் சொத்தை

முறத்தில் ஒரு பருப்புகூட இல்லை. ஆனால் திரையில் ‘சொத்தை’ என்று வந்து நின்றது.

இர்பானா முறத்தைக் கவிழ்த்துத் தட்டினாள், துப்பட்டா நுனியால் துடைத்தாள், மறுபடி கேமராவுக்கு அடியில் வைத்தாள். சொத்தை. 0.97. அந்த எண் ஒன்றை நெருங்க நெருங்க, கேமரா பார்ப்பது கெட்டுப்போன பருப்பு என்று பொருள்; பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பருப்பு. வெறும் முறத்துக்கு நேற்றுவரை 0.05ஐத் தாண்டியதே இல்லை. காலையிலிருந்து நிரலில் ஒரு வரிகூட அவள் மாற்றவில்லை. தானாக எப்படி மாறும் இந்தச் சனியன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மணி மூன்றுதான். ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்ததில் ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. சிங்கவரம் ரோட்டில் நிலக்கடலை உடைக்கும் அந்த மல்லாட்டை மில்லில் பருப்புப் பொறுக்கும் பெண்கள் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தகரக் கொட்டகைக்குள் அவளும், ஒரு மேசையும், லேப்டாப்பும், கூரை முட்ட அடுக்கிய சாக்கு மூட்டைகளும்தான். ஈரத்தில் புழுங்கிய மூட்டைகளிலிருந்து பல நாள் தலைக்குக் குளிக்காதவர்களின் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தது, அதற்கு அடியில் பூசணத்தின் புளித்த வாடை, அதற்கும் அடியில் எங்கேயோ இடுக்கில் எலி செத்த வாடை. சுவாசித்தால் பூசணத்தின் பச்சைத் தூள் நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி உட்காருகிற இடமா இது? இரண்டு முறை பின்சுவரோரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நாலரை மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டுமே மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது தாண்டிவிட்டது. இந்த வாரத்தில் அசைவு தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அந்த மில் நாற்றத்தில் இனி உட்காராதே என்றும் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இத்தனை பாடும். மில்லுக்கு பில் போடும் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக்கொடுத்தவள் அவள். தெரிந்தது அது ஒன்றுதான். அதை வைத்தே நியூரல் நெட்வொர்க் கட்டலாம் என்று செல்போன் வீடியோ ஒன்றில் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கண் எரிய எரியக் கற்றுக்கொண்டாள். இது நல்லது, இது சொத்தை என்று ஆயிரக்கணக்கில் படங்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது தப்புத் தப்பாகச் சொல்லும். ஒவ்வொரு தப்புக்கும் தனக்குள் இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் திருத்திக்கொண்டு, கடைசியில் சரியாகச் சொல்லும். எதைப் பார்த்துச் சொன்னது என்று மட்டும் சொல்லாது.

மில் முதலாளி ராஜாங்கம் குடையை மடக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“நாளைக்குப் பார்ட்டி வராங்கமா. மிஷின் ரெடியா?”

“ரெடிதான்ணா. ஒரு சின்ன எரர்.”

“இப்ப போயி இன்னா எரர்? இது ஓடுச்சின்னாத்தான் நீ வூட்ல குந்திகிட்டே பாக்க முடியும். நீதான கேட்ட.”

“சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்றேன்ணா.”

“ராஜாம்பா இருந்தா இந்த டென்ஷனே கெடையாது” என்றார் அவர். “நான் லாரிய பாத்துட்டு வரேன். கதவ சாத்திக்கோ, சாரல் அடிக்குது.”

கதவு சாத்தியதும் வாடை இன்னும் கெட்டியானது.

ராஜாம்பாள் இருந்திருந்தால் மிஷினே தேவைப்பட்டிருக்காதுதான். முப்பது வருஷம் அந்த மில்லில் பருப்புப் பொறுக்கியவள் அவள். மேலுக்குப் பளபளவென்று இருக்கும் பருப்பைக்கூடத் தொட்டதும் உள்ளே கெட்டிருக்கிறது என்பாள். சந்தேகம் வந்தால் கடித்துப் பார்த்துத் துப்புவாள். அவள் கடித்த பருப்பைப் பிளந்து காட்டினால் நடுவில் பச்சைப் பொடி இருக்கும், சில சமயம் பொடிக்குள் வெள்ளைப் புழு நெளியும். அதையும் கடித்துத்தான் துப்பியிருப்பாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிச் செத்துப்போனாள். படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் வரைக்கும் இர்பானாவின் நெட்வொர்க்குக்குச் சொத்தை எடுத்துக் காட்டியவள் அவள்தான்.

நெட்வொர்க் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வீடியோவில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். படத்தின்மேல் சின்னச் சாம்பல் கட்டம் ஒன்றை வரிவரியாக நகர்த்திக்கொண்டே போ. எந்த இடத்தை மறைத்தால் எண் சரிகிறதோ, அந்த இடத்தைத்தான் அது பார்க்கிறது. அங்கே சிவப்பு பூசு. இர்பானா இருபது வரியில் அதை எழுதினாள். முதலில் பழைய சொத்தைப் படம் ஒன்றைக் கொடுத்தாள்.

சாம்பல் கட்டம் மேலிருந்து கீழே நகர்ந்தது. பருப்புமேல் சிவப்பு விழவில்லை. பருப்பைப் பிடித்திருந்த விரல்கள்தான் சிவந்தன.

இன்னொரு படம். விரல். இன்னொன்று. விரல்.

தலையில் அடித்துக்கொண்டாள். பொறுக்கும் பெண்கள் நல்ல பருப்பை வலது உள்ளங்கையால் ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். சொத்தையை இடது கையால்தான் கிள்ளி எடுப்பார்கள். நல்லதன்மேல் இடது கை படவே கூடாது, அது அங்கே வழக்கம். அதனால் நல்ல பருப்பின் படங்களில் பருப்பும் முறமும் மட்டும் இருந்தன. சொத்தைப் படங்கள் அறுநூறிலும் ராஜாம்பாளின் இடது கை இருந்தது. பச்சை படிந்த நகக்கண்கள், வெடித்த தோல், மிஷினில் மாட்டி நுனி போன மோதிர விரல். “கைய எடுக்கணுமாடி?” என்று அவள் கேட்டதும், “இருக்கட்டும்க்கா” என்று தான் சொன்னதும் நினைவிருந்தது. நெட்வொர்க் சொத்தையைப் படிக்கவே இல்லை. அந்தக் கையைத்தான் படித்திருக்கிறது. தூ, இதுவும் ஒரு படிப்பா.

எரிச்சலிலும் ஒரு நிம்மதி இருந்தது. தப்பு தெரிந்துவிட்டது, படங்களை மறுபடி எடுத்துவிடலாம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அப்புறம்தான் அது தோன்றியது. கையைப் பார்த்தால் சொத்தை என்கிறது, சரி. வெறும் முறத்தில் எதைப் பார்த்தது?

முறத்தின் நேரடிப் படத்துக்கு அந்த இருபது வரிகளை ஓட்டினாள்.

கட்டம் முதல் வரியில் நகர்ந்தது. ஒன்றுமில்லை. இரண்டாம் வரி, மூன்றாம் வரி. தகரத்தில் மழை இரைந்தது. நான்காம் வரியில் ஒரு சிவப்புப் பொட்டு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. ஐந்தாம் வரியில் அவை கீழ்நோக்கி நீண்டன. நான்கு நீளமாக. ஒன்று குட்டையாக.

குட்டை, மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில்.

அவள் முறத்தைப் பார்த்தாள். மூங்கில் பின்னலும் மாட்டுச்சாணி மெழுகிய கறையும்தான் இருந்தன. திரையைப் பார்த்தாள். கை. ஸ்கேலை எடுத்து முறத்தின்மேல் வீசினாள், எதிலும் படவில்லை. ஸ்கேல் நுனியில் மட்டும் ஏதோ ஈரம். முகர்ந்தாள். கசந்த பருப்பும் எச்சிலும் கலந்த வாடை. ஸ்கேலைக் கீழே போட்டாள்.

கட்டம் மேலே போய் மறுபடி தொடங்கியது. இந்த முறை கை தள்ளி இருந்தது. அடுத்த முறை முறத்தின் விளிம்பில். தேடுவது மாதிரி இருந்தது. முறத்தில் பொறுக்க ஒன்றும் இல்லை அல்லவா.

அதற்கடுத்த முறை படத்தில் சிவப்பே இல்லை. எண் சடசடவென்று இறங்கியது. 0.04. நல்லது.

போய்விட்டது.

இர்பானா வியர்த்துப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். முழங்கால் மேசையில் இடித்தது. கேமரா பிடியிலிருந்து நழுவி, ஒயரில் தொங்கி ஆடி, அவளைப் பார்த்து நின்றது. திரையில் அவளுடைய மஞ்சள் சுடிதார். வயிறு.

0.99.

லேப்டாப்பை மூடு என்று தனக்கே சொன்னாள். கை போகவில்லை. கட்டம் முதல் வரியில் நகரத் தொடங்கியிருந்தது.

வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு ராஜாம்பாள் வலது கையால் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “இது சொத்தைய தொட்ற கைடி. உம்மேல படக்கூடாது. நல்லபடியா பெத்து எடு.” அக்கா அப்படிப்பட்டவள். அக்கா தொடமாட்டாள். நல்லதை அந்தக் கை தொடாது.

நல்லதைத் தொடாது.

இரண்டாம் வரி. சிவப்பு இல்லை. மூன்றாம் வரி. இல்லை. நான்காம் வரியில், மஞ்சள் துணிமேல், ஒரு பொட்டு.

“அக்கா, வேணாங்க்கா” என்றாள்.

இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். திரையிலும் பொத்திக்கொண்டாள். அவள் கைகள் அவற்றின் நிறத்திலேயே இருந்தன. அவற்றின் விரலிடுக்குகளில் சிவப்பு ஊறி வந்தது. மேலே இல்லை. அடியில். அவள் உள்ளங்கைக்கும் அடியில், துணிக்கும் அடியில். நான்கு நீளம். ஒன்று குட்டை. மணிக்கட்டு எங்கேயும் தெரியவில்லை. கை முழுதும் உள்ளே இருந்தது.

நாக்கில் கசப்பு ஏறியது.

அப்போது வயிற்றுக்குள் அசைந்தது.

இத்தனை நாள் அவள் காத்திருந்த அசைவு. உதை இல்லை. மெல்ல ஒரு தடவல். எதையோ ஒரு பக்கமாக ஒதுக்கியது. நின்றது. மறுபடி தடவியது, மறுபடி ஒதுக்கியது, பொறுமையாக, முப்பது வருஷப் பழக்கத்தோடு.

பிறகு, இரண்டு விரல்கள் கிள்ளிப் பிடித்தன.