தாலுமா தீவின் கடல் பேச்சு

"பதினைந்தே நாள்! அதற்குள் ஒரு மொழி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லியாக வேண்டும்!"

இப்படிச் சொல்லிக்கொண்டு பெட்டியை மூடும்போதே குழல்வாய்மொழி பாதி ஓட்டத்தில் இருந்தாள். பெயரிலேயே மொழி இருந்தால் சும்மா இருக்க விடுமா? மடகாஸ்கர் முதல் பசிபிக் தீவுகள் வரை பரவிக் கிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிகளின் பின்னால் பதினாறு வருடங்களாக ஓடுகிறாள். ஓர் ஊரில் ஒரு மாதம் தங்கினால் அவளுக்குக் கால் பரபரக்கும்.

இந்த ஓட்டத்துக்குக் காரணம் ஒரே ஒரு வரி. 'தாலுமா தீவின் கடல் பேச்சைப் பேசுவோர் எவரும் இல்லை' என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அங்கே போய்வந்து அவளே எழுதியிருந்தாள். அந்த வரியோடு அவளுடைய பெரிய புத்தகம் பதினைந்து நாளில் அச்சுக்குப் போகிறது. இந்த நேரத்தில் பார்த்து, ஒரு கப்பல் ஊழியர் செல்போனில் பதிவுசெய்த பதினான்கு விநாடிப் பேச்சு வந்து சேர்ந்தது. அவளுக்குத் தூக்கம் போயிற்று.

ஒலிப்பதிவாளன் ரீகனை இழுத்துக்கொண்டு கிழக்கு இந்தோனேசியாவுக்குப் பறந்தாள். அவன் தூத்துக்குடி மீனவர் வீட்டுப் பிள்ளை.

தாலுமாவில் நான்கு நாள் வீணாயிற்று! சொற்பட்டியலோடு கரையில் உட்கார்ந்து மலாயில் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. படகுக்காரன் யோப்பி சுட்ட மீனை நீட்டினான். "இங்கே அப்படி ஒரு பேச்சே இல்லையே" என்று சிரித்தான்.

ரீகனுக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, எங்க மாமா கடல்ல எந்த எடத்துல மீன் கெடக்குன்னு கரையில வச்சி வாயத் தொறக்க மாட்டாரு. நீங்க பட்டியல நீட்டுனா இவன் மட்டும் சொல்லிருவானாக்கும்? வாங்க, படகுல ஏறுவோம்!"

படகில் ஏறலாமா என்று அவள் கேட்டதும் யோப்பியின் சிரிப்பு நின்றது.

"ஏறலாம். ஆனால் கடலில் கரைப் பேச்சு கூடாது. பேசினால் நம் திட்டத்தைக் கடல் கேட்டுவிடும். உடனே படகைத் திருப்புவேன். மறுபடி ஏற்ற மாட்டேன்."

"பதிவு செய்யலாமா?"

"செய். கரையில் போட்டுக் கேட்காதே. அந்தப் பேச்சைக் கரையில் எழுப்பினால் கடல் ஊருக்குள் வந்துவிடும்!"

விடிந்ததும் படகில் ஏறிப் புறப்பட்டார்கள். "ரவுலு!" என்று யோப்பி கத்த, ஒருவன் கரைக்கயிற்றை அவிழ்த்தான். அவ்வளவுதான், நான்கு படகோட்டிகளும் கடகடவென்று கடல் பேச்சில் இறங்கிவிட்டார்கள்! காற்று, வலை, சுறா எல்லாவற்றுக்கும் வேறு வேறு சொல். குழல்வாய்மொழிக்கு அழுகை வந்தது. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டதாக எழுதியிருக்கிறோமே!

மதியம் காற்று மாறியது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ரீகன் அவள் தோளில் ஓங்கித் தட்டி இடப்பக்கம் கையைக் காட்டினான். படகு சாயாமல் பக்கவாட்டில் தாங்கும் மூங்கில் மிதவையைப் பிணைத்திருந்த பிரம்புக்கட்டு நெகிழ்ந்துகொண்டிருந்தது! அது போனால் படகு கவிழும். படகோட்டிகளோ முன்பக்கம் பாயோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

மலாய்ச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினாள். காலையில் கயிற்றை அவிழ்க்கும்போது கேட்ட சொல் நினைவில் பளிச்சிட்டது.

"ரவுலு! ரவுலு!"

யோப்பி திரும்பினான், பார்த்தான், குதித்தான்! அலை மண்டைக்கு மேல் போக, மிதவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ரீகன் கயிற்றை வீசினான். இருவரும் இறுக்கிக் கட்டி முடித்தபோது உள்ளங்கைகளில் தோல் இல்லை.

அடுத்த நான்கு நாளும் கடலில்தான். வாந்தி எடுத்துக்கொண்டே நானூறு சொற்களை எழுதினாள்.

ஊர் திரும்பியதும் பதிப்பாசிரியர் நல்லசிவன் பிடிவாதமாக நின்றார். "சத்தத்தைக் கேக்காம வரியை எடுக்க முடியாதும்மா. போட்டுக் காட்டுங்க."

"கரையில முடியாது சார். தூத்துக்குடிக்கு வாங்க."

பதினான்காம் நாள் ரீகனின் மாமா படகில், நடுக்கடலில், முகம் வெளிறிப்போய் உட்கார்ந்து கேட்டார் நல்லசிவன். படகோட்டிகளின் சிரிப்பு, காற்றின் இரைச்சல், நடுவே 'ரவுலு!' என்று ஓர் அலறல்.

"இது யாரு?"

"நான்தான் சார்."

அவர் அச்சுப்படியை மடியில் வைத்து அந்த வரியை அடித்தார். "இந்த இடத்துல என்ன போடட்டும்?"

"'பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் கரையில உட்கார்ந்து கேட்டேன், அது என் தப்பு'ன்னு போடுங்க சார்."