இறங்காத தீர்த்தம்

தாய் அருளம்மாள் கஞ்சிக் கலயத்தை நீட்டியபோது அமிர்தசாமியின் தொண்டை தானாகவே இறுகியது. தாகம் நாக்கைப் பிளந்தது. ஆனால் கலயத்துக்குள் நீர் தளும்புகிற சத்தம் கேட்டதும் நெஞ்சுக்குழி வரைக்கும் ஓர் இழுப்பு. சீ, இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி வாங்கப் போனான். கை வெட்டியிழுத்துக் கலயத்தைத் தட்டிவிட்டது.

ராஜகிரிப் பாறையின் வெக்கை ஓட்டுக்கூரை வழியாக இறங்கி, சிந்திய கஞ்சியின் புளிப்பையும் பக்கத்து வீட்டில் மல்லாட்டைக் கடலை வறுக்கிற வாசனையையும் கிளறிவிட, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவன் மூக்கை அடைத்தன. அருளம்மாள் விசிறினாள். காற்றுப் பட்டதும் அதே இழுப்பு.

போன அறுப்பில் களத்துமேட்டு நாய் ஒன்று அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. கடலூருக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொள் என்றார் கம்பவுண்டர். சண்டைக்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸை நம்பி யார் போவது? மிளகாயை அரைத்து வைத்துக் கட்டினான், புண் ஆறிவிட்டது. இப்போது தழும்பில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஆறின புண் என்ன செய்யும் என்று எல்லாரும் அவன் சொன்னதைத் தள்ளிவிட்டார்கள்.

உபதேசியார் ஆரோக்கியநாதன் மாதாகோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார். துளி முகத்தில் பட்டதும் அமிர்தசாமி அலறினான். அது தன் குரல்தானா என்று அவனுக்கே பயமாயிருந்தது. கூடியிருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள். தீர்த்தத்துக்கு அஞ்சுவது பேய் என்பது அவர்களுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்பார்கள். இங்கே அடித்ததும் தூணில் கட்டியதும் அண்ணன்மார்தான்.

"பேய் இல்லீங்க. நான்தான் பேசறேன். நாய் விஷம் இது."

பேய் அப்படித்தான் பேசும் என்றார் உபதேசியார். கெட்டவரில்லை, பாவம், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், விட்டு ஓடிவிடும் என்றார்.

அருளம்மாள் விரல்களைத் தீர்த்தத்தில் நனைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரே சொட்டுய்யா. முழுங்கிட்டா அவுத்து வுட்டுருவாங்க."

அவன் வாயில் நுரை வழிந்தது. விஷம் இப்போது தன் எச்சிலில்தான் இருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. கிட்டே வராதே என்று கத்தினான். சத்தம் வரவில்லை. உறுமல்தான் வந்தது.

விரல் நாக்கில் பட்டது.

ஈரம்.

இழுப்பு.

பற்கள் பூட்டிக்கொண்டன. திறக்கப் பார்த்தான். முடியவில்லை. உப்பாக, சூடாக ஏதோ வாயை நிறைத்தது. அருளம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை; மறு கையால் அவன் தலையைக் கோதிக்கொண்டே, "முழுங்கு ராசா, முழுங்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.