வளைய மறுத்த ஸ்டியரிங்!

"ஐயோ...!"

ஒரே ஒரு அலறல்தான். அதற்குப் பிறகு முதலாளி அலறவில்லை. இனி அலறப் போவதுமில்லை.

கம்பெனி வாசலின் சரிவுப் பாதையில் இறங்கி வந்த அவருடைய சொந்தக் கார், அவரையே இடித்துத் தள்ளியிருந்தது. தலை மதில் சுவரில் மோதி, அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தவன் அவருடைய டிரைவர்.

அன்று காலையில்தான், அத்தனை பேர் பார்க்க, அவரிடம் கன்னத்தில் அறை வாங்கியவன்!

போலீசுக்கு இது போதாதா?

மதியம், ஸ்டேஷனின் பின்பக்க முற்றத்துக்கு டூல் பாக்ஸும் கையுமாக ஓடி வந்தாள் டிரைவரின் அக்கா. சொந்த ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள்.

"சார்... என் தம்பி ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டான் சார்!"

"ஈ அவனை அறையலையேம்மா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்டியரிங் இறுகிடுச்சுன்னு சொல்றானே..."

"மாட்டினவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள வண்டியில ஒரு கோளாறைக் காட்டு, விபத்துன்னு எழுதறேன். இல்லேன்னா கொலைதான்! நான் பக்கத்துலயேதான் நிப்பேன்."

பம்பர் மட்டும் நெளிந்து முற்றத்தில் நின்ற அந்தக் காரை அவள் பார்த்தாள்.

கடவுளே... ஒரே ஒரு கோளாறு கொடு!

முன் டயர்களில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் இறுகும். அளந்தாள். சரியாக இருந்தது.

பானெட்டைத் திறந்தாள். ஸ்டியரிங் ஆயில் குறைந்தாலும் இறுகும். டப்பா நிறைய ஆயில்!

"பெல்ட் தளர்ந்திருக்கும் சார்!"

விரலால் அழுத்தினாள். விறைப்பாக இருந்தது.

ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைத் தூக்கி, கையால் இப்படியும் அப்படியும் திருப்பினாள். எந்த ஜாயிண்ட்டும் பிடிக்கவில்லை. வண்டியை இறக்கி, ஸ்டார்ட் செய்தாள்.

ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குச் சுழன்றது!

"என்னம்மா... இறுகிடுச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர் நக்கலாக.

அவள் காரை விட்டு இறங்கினாள். முற்றத்தைப் பார்த்த லாக்கப் ஜன்னலுக்கு ஓடினாள். கம்பிக்குப் பின்னால் தம்பி.

"டேய்! ஸ்டியரிங்தான் இறுகுச்சு... பிரேக் என்னடா ஆச்சு?"

"அதுவும் கட்டையா ஆயிடுச்சுக்கா! முதல்ல ஒரு தடவை அமுங்குச்சு... அப்புறம் ஏறி மிதிச்சாலும் இறங்கலை!"

அவள் அப்படியே நின்றாள்.

ஸ்டியரிங்... பிரேக்... இரண்டும் ஒன்றாக!

"சார்! கிடைச்சிடுச்சு சார்! இன்ஜின் நின்னுபோயிருக்கு! இன்ஜின் சுத்தினாத்தான் ஸ்டியரிங்கை லேசாக்கற பம்ப் ஓடும். நின்னா ஸ்டியரிங் கல்லாயிடும். பிரேக்கும் ஒண்ணு ரெண்டு மிதியோட சரி! நீங்களே பாருங்க!"

இன்ஜினை அணைத்து, அவரையே உட்கார வைத்தாள். இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முகம் சிவந்தது. மூச்சு வாங்கியது.

"அட... வாஸ்தவம்தான்! ஆனா, இன்ஜின் ஏன் தானா நின்னுச்சு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. அவள் கைபட்ட இன்ஜின் அப்படி நிற்காது. ஆனால், அதைச் சொன்னால் தம்பியின் கதி?

"சர்வீஸ் சரியில்லேன்னா நிக்கும் சார்."

"கடைசியா சர்வீஸ் பண்ணது யாரு?"

"...நான்தான்."

"ஒரு உயிர் போயிருக்கும்மா! அப்ப நீ உள்ள போக வேண்டியிருக்கும். புரிஞ்சுதான் பேசறியா?"

"புரிஞ்சுதான் பேசறேன் சார். அரைகுறையா வேலை பார்த்தேன். என் தப்பு. எழுதிக்கங்க... தம்பியை விட்டுடுங்க!"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

"அக்கா...!"

லாக்கப் கம்பிகள் அதிர்ந்தன.

"பொய் சொல்லாதக்கா! சார், எழுதாதீங்க! எங்க அக்கா கைபட்ட வண்டி தானா நிக்குமா? நான்தான் சார் சரிவுல ஆஃப் பண்ணேன்!"

"ஏண்டா?"

"சத்தம் கேட்டா அவர் விலகிடுவாரே சார்!"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"கிட்ட வந்ததும் திரும்பிப் பார்த்தாருக்கா... பயந்துட்டாரு... எனக்கு மனசு கேக்கலை. அவரை விட்டுடலாம்னுதான் வளைச்சேன். வளையவே இல்லக்கா!"

அவன் கம்பியில் முகத்தைப் புதைத்துக் கதறினான்.

"பாவி... வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதாடா? நான் போயிருப்பேனேடா..." அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளை எடுத்தார்.

"சர்வீஸ்னா இதும்மா! கொலை பண்ணவனே லாக்கப்புல இருந்து வண்டிக்கு நற்சான்றிதழ் குடுக்கறான்!"