பட்டனின் கனமான பை

அம்மா மேசைமேல் தலையைச் சாய்த்தபடியே பால்புட்டியைக் குலுக்கினாள். மூன்று வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாலபி என்ற சின்னக் கங்காருவின் குட்டிக்குப் பால் கொடுத்தாக வேண்டுமே!

சாலையில் அடிபட்டுச் செத்த தாயின் வயிற்றுப்பைக்குள் உயிரோடு கிடைத்த குட்டி அது. பத்து வயது ஐவிதான் அதற்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்தாள். கதவுப்பிடியில் தொங்கும் துணிப்பைதான் இப்போது அதன் வீடு.

"குடிக்கவே மாட்டேங்குது ஐவி. வயித்தாலயும் போகுது," என்றாள் அம்மா. "பொழைக்குமான்னே தெரியல. முந்தாநேத்து எடை நல்லா ஏறியிருந்ததேன்னுதான் வளர்ந்த குட்டிக்கான மூணாம் நம்பர் பால்மாவுக்கு மாத்தினேன்."

"ஏம்மா மாத்தணும்? பால்னா பால்தானே?"

"அதெப்படி? தாய் வாலபியோட பாலே குட்டி வளர வளர மாறும். மூளை வளர்ற வயசு இது. மூளை வாசல்ல ஒரு காவக்காரன் நிக்கிறான்னு வச்சுக்கோ. குட்டியா இருக்கறப்ப ஒரு சத்தை நிறைய உள்ள விடுவான், வளர்ந்ததும் வேறொரு சத்தைக் கேப்பான். அதை முன்கூட்டியே கொடுத்தா வயிறே தாங்காது, அப்புறம் மூளைக்கு எங்க போய்ச் சேரும்?" அம்மா கொட்டாவி விட்டாள்.

ஐவி பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே தடிப்பாகத் தட்டுப்பட்டது.

"அம்மா, பையோடயா எடை பாப்ப?"

"ஆமா, வெளிய எடுத்தா குளிருமே. பைக்கு அறுபது கிராம் கழிச்சிடுவேன்."

"ஐயோ! மூணு நாள் முன்னாடி குளிருதேன்னு உள்ள ஒரு கம்பளி உறை போட்டேன்மா. உங்கிட்ட சொல்லவே மறந்துட்டேன்."

அம்மா உறையை உருவித் தராசில் வைத்தாள். எண்பது கிராம்!

"அப்ப ஏறினது இந்த உறையோட எடைதானா? தூக்கக் கலக்கத்துல நானும் கவனிக்கலையே, கண்ணு."

ஐவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பள்ளிப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தாள். பட்டனின் நீளப் பாதத்தை அளந்தாள். எந்தப் பாத நீளத்துக்கு எந்தப் பால் என்று குளிர்பெட்டிமேல் ஒட்டியிருந்த பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"இதோட பாதத்துக்கு ரெண்டாம் நம்பர்தாம்மா!"

அம்மா கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள். "பாலை உடனே மாத்துங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கொடுங்க," என்றார் அவர்.

"இனிமே நான் கரைக்கிறேன். நீ போய்ப் படும்மா. உன் மூஞ்சியப் பாத்தா பட்டனே பயந்துடும்."

மறுநாள் மாலை, பட்டன் தலையைத் தூக்கியது. புட்டியைப் பிடித்து உறிஞ்சி, கடைசிச் சொட்டுவரை காலி செய்தது.

"அம்மா!" என்று ஓடினாள் ஐவி. அம்மா சோபாவில் காலணியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நல்ல சேதிதானே, எங்கே ஓடிவிடப் போகிறது? ஐவி போர்வையை மெல்ல இழுத்துப் போர்த்திவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.