கெண்டைக்கால் முடிச்சு

சமையற்கட்டில் வேப்பெண்ணெய் காயும் வாசனை. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் சுளுக்கு இல்லை. காய்ச்சலில் கிடந்த உமாதேவி மூக்கைச் சுருக்கிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

ஹெப்பாளின் கம்பெனித் தெருக்களில் சுளுக்கு என்றால் அவள் கைதான். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் எந்தப் பிடிப்பும் ஓடிப்போகும் என்பது அவர்கள் கொள்ளேகால் பக்கத்தில் காலங்காலமாகச் சொல்வது. அவள் இரட்டை பெற்றதிலிருந்து கன்னடக்காரர்கள்கூட ஷிப்ட் முடிந்து காலை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் உட்காருவார்கள். அதில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்!

அந்தக் கையால்தான் போன மாதம் புருஷன் செந்தில்நாதனுக்கு நீவினாள். விஷக்காய்ச்சல் விட்டு, இருமல் மட்டும் மிச்சமாகி, படுக்கையை விட்டு எழுந்தவனுக்கு இடது கெண்டைக்கால் வீங்கிக் கிடந்தது. உள்ளே கயிறு மாதிரி ஒரு முடிச்சு. சூடான எண்ணெயை விட்டு, கணுக்காலிலிருந்து மேலே மேலே உருவினாள். முடிச்சு நழுவியது. "வலி போயிருச்சு புள்ள" என்று சிரித்தான். எழுந்து சட்டையில் ஒரு கையை நுழைத்தவன், மறு கையை நுழைப்பதற்குள் மூச்சுக்குத் தவித்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு ரத்தம் உறைந்துபோகும். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து போய் நுரையீரலை அடைத்ததில்தான் உயிர் போயிருக்கிறது. "காலை யாராவது தேய்ச்சீங்களா?" உமாதேவி எண்ணெய்க் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் மாமியார் வள்ளியாத்தாள் நின்றாள். மருமகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சுடுசொல் கிடையாது. கஞ்சி வைத்தாள், கஷாயம் வைத்தாள், தலை கோதிவிட்டாள். உமாதேவி அந்தக் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

இப்போது அதே காய்ச்சல் இவளுக்கு. பட்ட காலிலே படும் என்று தெருவே உச்சுக்கொட்டியது. காலையில் வலது கெண்டைக்கால் கல்லாகக் கனத்து, தொட்டால் சுட்டபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று அழுதாள். எஸ்டிடி பூத்துக்குப் போய் ஆட்டோவுக்கு போன் பண்ணிவிட்டதாக மாமியார் சொன்னாள். மத்தியானம் கம்பெனிச் சங்கு ஊதி, ஷீட்டுக் கூரையில் மழை பிடித்து, பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்து ஓய்ந்து, சுவரோரம் இருட்டு அப்பிய பிறகும் ஆட்டோ சத்தம் கேட்கவில்லை.

அடுப்பு அணையும் சத்தம். பிறகு வாசல் தாழ்ப்பாள்.

"அத்தை... பசங்க எங்கீங்க?"

"அடுத்த தெரு மல்லம்மா ஊட்டுல உட்டுட்டு வந்தேன் கண்ணு. காலை நீட்டு."

"ஆட்டோ?"

"வரும். என்ன அவசரம்?"

வள்ளியாத்தாள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வை விலகியது. கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது.

"வேண்டாங்க அத்தை. டாக்டர் சொன்னது தெரியுமில்லீங்க?"

"தெரியாம என்ன? நானும் அங்கதான நின்னேன்." சூடான உள்ளங்கை கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. "எனக்கு உன்னாட்டம் கைராசி கிடையாதம்மிணி. நான் ஒத்தப் புள்ளை பெத்தவ. பாப்பம்."

காலை இழுத்தாள். வரவில்லை. கத்தினாள். இருமல்தான் வந்தது. ஐயோ, பிள்ளைகள்!

கட்டைவிரல் ஏறியது. கெண்டைக்கால். முழங்கால் மடிப்பு. தொடை.

மறுபடியும் கீழிருந்து.

உள்ளே ஏதோ நழுவியது.

வலி போய்விட்டது.

வள்ளியாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். தலைமாட்டுக்கு நகர்ந்து வந்து, மருமகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.